இருபத்தேழு மாடுகளும் ஓர் எலியும்

எங்கள் பள்ளியில் யார் யாருக்குத் தலை குனிய வேண்டும் என்பதை நிறமே சொல்லிவிடும். சட்டையில் தைக்கும் பெயர்ப்பட்டை, விளையாட்டு உடுப்பு, வகுப்புக்குள் போடும் செருப்பின் ஓரக்கோடு எல்லாம் ஒரே நிறம். மூன்றாம் ஆண்டுக்காரிகள் நீலம், இரண்டாம் ஆண்டு செம்மண் நிறம், புதிதாகச் சேரும் முதலாம் ஆண்டு பச்சை. கிடைத்த நிறம் மூன்று வருடமும் கூடவே வரும். பச்சைக்காரி செம்மண்காரியைக் கண்டால் நின்று, குனிந்து, "வணக்கம் அக்கா" சொல்ல வேண்டும். செம்மண்காரி நீலத்துக்குச் சொல்ல வேண்டும். நீலத்துக்காரிகள் நுழைவுத் தேர்வுப் புத்தகத்துக்கு மட்டும்தான் குனிவார்கள்.

என்னிடம் இரண்டு நிறங்கள் இருந்தன. அதுதான் தொல்லை.

போன வருடம் மார்ச்சில் செம்மண் பட்டையோடு இதே பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தேன். மே மாதம் ஒரு நாள் காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால், என் முகத்துக்குப் பதில் யாரோ ஒருத்தியின் உப்பிய முகம். சிறுநீரகம் மக்கர் பண்ணுகிறது என்றார்கள். ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி, உப்பில்லாத கஞ்சி என்று வருடம் ஓடிவிட்டது. உடம்பு தேறிவிட்டது, ஆனால் வருகை நாள் போதவில்லை. மறுபடியும் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கு என்று சொல்லிவிட்டார்கள். என் கூட்டாளிகள் எல்லாரும் இரண்டாம் ஆண்டுக்குப் போய்விட்டார்கள். நான் பச்சைப் பட்டை வாங்கிக்கொண்டேன்.

அம்மா சிப்பி உடைக்கும் கொட்டகையிலிருந்து வந்து, கை ஈரம்கூடக் காயாமல், 'யுன்சுல்' என்று என் பெயர் போட்ட பச்சைப் பட்டையைச் சட்டையில் தைத்தாள். பழைய செம்மண் உடுப்பை மடித்து அலமாரியின் அடியில் வைத்தாள். "ரெண்டு மாசம்கூடப் போடல" என்று மட்டும் சொன்னாள். நான் அலமாரியைச் சாத்தினேன்.

பள்ளி திறப்பதற்கு நான்கு நாள் முன்னால் ஹாரினைப் பிடித்தேன். அவள் எங்கள் பக்கத்து அடுக்ககம். நடுநிலைப் பள்ளியிலிருந்தே என் உயிர்த் தோழி, இப்போது செம்மண். துறைமுகத்து ஓரக் கடை வாசலில் அவள் கோப்பை நூடுல்ஸை உறிஞ்ச, நான் வெறும் பார்லித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்கூல்ல என்னைப் பார்த்தா தெரியாத மாதிரி போயிடுடி" என்றேன்.

"ஏன்? கொலையா பண்ணிட்டு வந்திருக்க?"

"எனக்கு ஒரு வயசு கூடன்னு அதுங்களுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். மூணு வருஷமும் 'அக்கா, நீங்க, வாங்க, போங்க'தான். ஒருத்திகூட என்னை டி போட்டுக் கூப்பிட மாட்டா."

"மரியாதை குடுத்தா கசக்குதா உனக்கு?"

"கசக்குது. ஒரு வருஷமா டாக்டர்லேர்ந்து கேன்டீன்காரர் வரைக்கும் என்கிட்ட மரியாதையாத்தான் பேசினாங்க. யாரும் என்கூடச் சண்டைகூடப் போடல. போதும்டி."

ஹாரின் இன்னொரு வாய் நூடுல்ஸை உறிஞ்சினாள். "சரி. அப்ப நான் உனக்கு அக்கா. எங்க, ஒரு தடவை கூப்பிடு பார்ப்போம்."

நான் எழுந்து நின்று, இடுப்பு வரைக்கும் குனிந்து, "வணக்கம் அக்கா" என்றேன். அவளுக்கு நூடுல்ஸ் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரர் ஓடி வந்து முதுகில் தட்டினார்.

மார்ச் நான்காம் தேதி பள்ளி திறந்தது. முதலாம் ஆண்டுக்காரிகளை எப்போதும் நான்காம் மாடியில்தான் போடுவார்கள், இளங்கால்களாம். போன வருடமும் அதே மாடிதான் என்பதால் எனக்கு வழி தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், மற்றவர்களோடு சேர்ந்து ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்து, "ஏழாம் பிரிவு எங்க இருக்கு?" என்று நானும் முழித்தேன். என் நடிப்பு எனக்கே பிடித்திருந்தது.

வகுப்பாசிரியை கூ டீச்சர் கணக்குப் பாடம் எடுப்பவர். பதிவேட்டில் என் பிறந்த வருடம் இருக்கும் என்பதால், முந்தின நாளே அவரைப் போய்ப் பார்த்து, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். "நீயா சொல்ற வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன். ஆனா ரொம்ப நாள் தாங்காது, பாரு" என்றார். வாத்தியார்கள் வாயில் நல்ல வார்த்தையே வராது என்று நினைத்துக்கொண்டேன்.

உட்காரும் இடத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்குப் பக்கத்தில் விழுந்தவள் தோ போமி. அவள் எதிர்த் தீவிலிருந்து தினமும் முதல் படகில் வருகிறவள். குட்டையான உருவம், ஆனால் குரல் மட்டும் படகுச் சங்கு.

"எங்க தீவுப் பள்ளிக்கூடத்துல எங்க வகுப்புக்கு மொத்தம் ஒன்பது பேர்" என்றாள், நான் உட்காருவதற்கு முன்பே. "பொறந்ததுலேர்ந்து அதே ஒன்பது மூஞ்சி. புதுசா ஒருத்திய நானாப் புடிச்சுத் தோழியாக்குறது இதான் முதல் தடவை. எப்படிப் பண்றதுன்னு தெரியல. உன் பேனாவ எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ."

"ஆச்சு. இனிமே நாம தோழிங்க."

இவளை எனக்கு அப்போதே பிடித்துப் போனது.

எங்கள் நாட்டில் ஜனவரியில் தொடங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு விலங்கின் பெயர் உண்டு, எலிக்கு அடுத்தது மாடு. கூ டீச்சர் வருகை எடுத்து முடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். "போன வருஷம் எலி வருஷத்துல பொறந்ததுங்ககூட மாரடிச்சேன். ஒண்ணும் ஒரு இடத்துல உட்காரல. இந்த வருஷம் எல்லாம் மாட்டு வருஷத்துப் பொறப்பாமே? இருபத்தெட்டு மாடா மேய்க்கணும் நான்? சரி, எல்லா மாடும் ஒரு தடவை கத்துங்க, கேட்போம்."

"ம்ம்மா!" என்று வகுப்பே அதிர்ந்தது. நானும் கத்தினேன். எலி வருடம் டிசம்பரில் பிறந்தவள், தொண்டை கிழிய மாடாகக் கத்தினேன். டீச்சர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, கரும்பலகை பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரித்திருப்பார். போமி மட்டும் கொஞ்சம் பிந்தி, சுருதியே இல்லாமல் ஒரு 'ம்மா' போட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலையே வகுப்பின் அரட்டைக் குழுவுக்கு 'மாட்டுத் தொழுவம்' என்று பெயர் விழுந்தது. துப்புரவுப் பட்டியலும் சுவரில் ஏறியது. கரும்பலகை, ஜன்னல், தரை எல்லாம் சுலபமான வேலை. யாருக்கும் பிடிக்காதது குப்பை. காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி, குடித்துப்போட்ட பால் பெட்டி தனி என்று மூன்று தொட்டிகளை நான்கு மாடி இறக்கி, பின்கட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொட்ட வேண்டும். பால் பெட்டித் தொட்டியின் நாற்றம் கையை விட்டுப் போக அரை நாள் ஆகும். மார்ச் மாதத்துக்கு அந்தச் சீட்டு எனக்கும் போமிக்கும் விழுந்தது.

எனக்கு அது திருவிழா. தினமும் மாலை நாங்கள் இருவரும் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்குவோம்.

"அடியே, உன் பக்கம் தாழ்த்துடி, பால் என் சாக்ஸ்ல ஊத்துது!"

"நீ குட்டையா இருந்தா நான் என்னடி பண்றது?"

"குட்டைன்னு சொன்ன, தொட்டிய உன் தலைல கவுத்துருவேன்!"

எத்தனை 'டி' என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இறங்குவேன். ஒரு நாள் நாலு மாடிக்குள் பதினேழு கிடைத்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது, "உனக்குப் பைத்தியம்தான்" என்றாள். ஆனால் அவளும் சிரித்தாள்.

இது எட்டு நாள் தாங்கியது.

என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று செம்மண்காரிகள் எல்லாரிடமும் ஹாரின் சொல்லி வைத்திருந்தாள். யேரிமிடமும் சொன்னாளாம். யேரிம் போன வருடம் என் பக்கத்து மேசை. நல்லவள், ஆனால் அவள் காதில் விழுவது எதுவும் உள்ளே தங்காது. அன்று நானும் போமியும் இரண்டாம் மாடி வளைவில் தொட்டியோடு இறங்க, கீழேயிருந்து ஹாரினும் யேரிமும் ஏறி வந்தார்கள். எங்களுக்குப் பின்னால் எங்கள் வகுப்புக்காரிகள் ஐந்தாறு பேர். நாங்கள் தொட்டியை வைத்துவிட்டு வரிசையாக நின்று குனிந்தோம்.

"வணக்கம் அக்கா!"

ஹாரின் நடிப்பில் என்னையே மிஞ்சினாள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு தலையை மட்டும் அசைத்தாள். யேரிம் நின்றுவிட்டாள்.

"அட, யுன்சுல்! எனக்கா கும்பிடு போடுற? என்னாச்சுடி, மண்டைல அடி கிடி பட்டுச்சா?"

"வாய மூடித் தொலைடி!" என்றேன்.

சத்தியமாக யோசித்துச் சொன்னதில்லை. யேரிம் வாயைத் திறந்தால் நான் அப்படித்தான் சொல்வேன், போன வருடம் தினமும் பத்துத் தடவை சொன்னதுதான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. படிக்கட்டு முழுக்க மூச்சுச் சத்தம் நின்றது. பச்சைப் பட்டைக்காரி ஒருத்தி செம்மண் அக்காவைப் பார்த்து வாயை மூடித் தொலை என்று சொன்னதை எங்கள் பள்ளிச் சுவர்கள்கூட இதுவரை கேட்டிருக்காது.

அடுத்த நொடி என் பிடரியில் ஒரு கை விழுந்தது. போமி. எம்பிக் குதித்து என் கழுத்தைப் பிடித்து, முழங்கால் வரைக்கும் என் தலையை அமுக்கினாள்.

"மன்னிச்சிடுங்க அக்கா! இவ நல்ல பொண்ணுதான் அக்கா! மத்தியானம் சரியாச் சாப்பிடல, அதான் வாய் ஏதோ உளறுது! அடியே, கேளுடி மன்னிப்பு! கேளு!"

"ஏம்மா நீ பதறுற?" என்றாள் யேரிம். "இவ எங்க செட்டு. போன வருஷம் என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா. உடம்பு சரியில்லாம வீட்டுல இருந்தா, அதான் உங்ககூட... ஐயோ. ஹாரின், இது சொல்லக் கூடாததுல்ல?"

"நீ இனிமே எதுவுமே சொல்லாத" என்றாள் ஹாரின்.

போமியின் கை இன்னும் என் பிடரியில்தான் இருந்தது. முதலில் சுண்டுவிரல் விலகியது, பிறகு ஒவ்வொன்றாக மற்ற விரல்கள். நான் நிமிர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. இரண்டு படி கீழே இறங்கி, எனக்கு நேராக நின்று, ஒழுங்காகக் குனிந்தாள்.

"தெரியாம கை வெச்சுட்டேன்... அக்கா."

உப்பிய முகத்தைக் கண்ணாடியில் பார்த்த அன்றுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

மறுநாள் காலையில் வகுப்பு தலைகீழாக மாறியிருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் வகுப்புத் தலைவி ஜியான் எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சாப்பாட்டுக் கூடத்து வரிசையில் எல்லாரும் ஒதுங்கி, "முன்னாடி போங்க அக்கா" என்றார்கள். அரட்டைக் குழுவின் பெயர், என் மனம் நோகுமே என்று, 'மாட்டுத் தொழுவம்' போய் வெறும் 'ஏழாம் பிரிவு' ஆகியிருந்தது. துப்புரவுப் பட்டியலில் குப்பைக்கு எதிரே இருந்த என் பெயரை வெள்ளை மை போட்டு அழித்து, பக்கத்தில் ஜியான் தன் பெயரை எழுதியிருந்தாள். உடம்பு சரியில்லாமல் இருந்த அக்காவைத் தொட்டி தூக்க வைக்கலாமா என்று கேட்டாளாம். எல்லாரும் கூடாது என்றார்களாம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மதிய வகுப்பு தொடங்குவதற்கு முன் கரும்பலகை அருகே போய் நின்றேன்.

"கேளுங்க எல்லாரும். நான் சொல்லாம மறைச்சது தப்பு. மன்னிச்சிடுங்க. ஆனா நானும் உங்கள மாதிரி முதலாம் ஆண்டுதான். என்னை யுன்சுல்னே கூப்பிடுங்க. நீ, வா, போன்னு பேசுங்க. சரியா?"

"சரிங்க அக்கா" என்றார்கள் எல்லாரும் சேர்ந்து.

"அக்கான்னு சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்!"

"கோவப்படாதீங்க அக்கா" என்றாள் முதல் வரிசையில் ஒருத்தி, பாவம், அழுகிற குரலில். "எங்க சொந்த அக்கா உங்க வயசு. அவளை டி போட்டா எங்க அம்மா சோறு அள்ளுற கரண்டியாலயே போடும். எங்களுக்கு வாயே வராது."

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. யேரிமின் அக்காவை நான் டி போடுவேனா? மாட்டேன். ஆனாலும் நியாயம் புரிந்தால் மனசு ஆறிவிடுமா?

போமிதான் எல்லாரையும்விட மோசம். மற்றவர்கள் பயந்து மரியாதை கொடுத்தார்கள், இவள் கோபத்தில் கொடுத்தாள். என் பேனாவைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டித் திருப்பித் தந்தாள்.

"வெச்சுக்கோயேன்" என்றேன்.

"வேண்டாங்க அக்கா. தெரியாத பெரியவங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாதுன்னு எங்க வீட்டுல சொல்லியிருக்காங்க."

"போமி, நான் வேணும்னு உன்ன ஏமாத்தல."

"நீங்க நல்லாத்தான் கத்துனீங்க அக்கா. நிஜ மாடே தோத்துரும்."

அதற்குப் பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று மாலை அவளும் ஜியானும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். படிக்கட்டிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. ஜியானோடு அவளுக்குச் சண்டை போட வரவில்லை போலிருக்கிறது. அதில் எனக்கு அற்பமாக ஒரு சந்தோஷம்.

ஹாரின் பள்ளி வாசலில் காத்திருந்தாள். ஒளிய இனி எதுவும் இல்லாததால் இருவரும் சேர்ந்தே மேட்டிலிருந்து இறங்கினோம். கீழே கடலில் சிப்பிப் பண்ணை மிதவைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

"யேரிம் ரெண்டு நாளா அழுறா" என்றாள்.

"அழட்டும்."

"அழ வேணாம்னு சொல்லிட்டேன். எப்படியும் வெளில வந்திருக்கும்டி." பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "ஒண்ணு சொல்லட்டுமா? நீ முதல் வாரம் நடைபாதையில என்னைப் பார்த்து அக்கான்னு குனிஞ்சல்ல. எனக்குச் சிரிப்பு வரும்னு நெனச்சேன். வரல. வீட்டுக்குப் போயி அழுதேன்."

"நீயா?"

"நானேதான். என்னமோ நீ எங்களை விட்டுட்டே போயிட்ட மாதிரி இருந்துச்சு. அவங்களுக்கும் இப்ப அப்படித்தான் இருக்கும். நேத்து வரைக்கும் கூட இருந்தவ திடீர்னு மேல போயி நின்னுட்டா, பாவம் அதுங்க என்ன பண்ணும்?"

நான் அதுவரை எனக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போமி பேனாவை இரண்டு கையால் நீட்டியது ஞாபகத்துக்கு வந்தது. அவள் தானாகப் பிடித்த முதல் தோழி நான்தான். அந்தத் தோழி பொய் மாடாகப் போய்விட்டாள்.

இப்படி ஒரு வாரம் போனது. அடுத்த புதன்கிழமை விளையாட்டு வகுப்பில் பந்தெறி ஆட்டம். இரண்டு அணி, நடுவில் ஒரு கோடு. எதிராளி எறிந்த பந்து உடம்பில் பட்டால் வெளியே போக வேண்டும். பிடித்துவிட்டால் நம் அணியில் ஒருத்தி திரும்ப உள்ளே வரலாம். நானும் போமியும் ஒரே அணியில் விழுந்தோம். போமிக்குத் தோற்கப் பிடிக்காது. தீவில் ஒன்பது பேராக ஆடும்போதே பல்லை உடைத்துக்கொண்டவள் அவள்.

எங்கள் அணிக்காரிகள் ஒவ்வொருத்தியாக வெளியே போனார்கள். போமிக்கு முழங்காலில் பட்டது, அவளும் போனாள். கடைசியில் பார்த்தால் உள்ளே நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன். நான் ஆடிக் கிழித்ததால் இல்லை. என்மேல் பந்தை எறிய யாருக்கும் மனசு வரவில்லை. எதிர் அணியில் எட்டுப் பேர் இருந்தார்கள். பந்து கையில் கிடைத்தவள் எல்லாம் அக்காவை எப்படி அடிப்பது என்று முழித்துவிட்டு, என் காலடிக்குப் பக்குவமாக உருட்டிவிட்டாள். நான் எடுத்து எறிந்தேன். யார் மேலும் படவில்லை. அவர்கள் மறுபடி உருட்டினார்கள். அடி வாங்கவும் தகுதியில்லாதவளாகப் பச்சை உடுப்பில் அசட்டுத்தனமாக நின்றேன்.

கோட்டுக்கு வெளியே போமி இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தாள். கையைப் பிசைந்தாள். "அக்கா, கொஞ்சம் நகர்ந்து எறியுங்க" என்றாள். பிறகு, "தயவுசெஞ்சு கொஞ்சம் பலமா எறியுங்க அக்கா" என்றாள். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்து, "கடைசி நிமிஷம்!" என்றார். எதிர் அணியில் ஜியான் என்ன நினைத்தாளோ, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒரு தடவை நிஜமாகவே எறிந்தாள்.

"அடியே யுன்சுல்! மரம் மாதிரி நிக்காத! புடிடி எரும!"

மைதானமே அமைதியாகிவிட்டது. பந்து மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் பந்தைப் பார்க்கவில்லை, திரும்பிப் போமியைப் பார்த்தேன். என் முகத்தில் பெரிய சிரிப்பு இருந்ததாகப் பிறகு எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் பந்து வந்து அறைந்தது.

மூக்கில் ரத்தம் கொட்டியது. ஜியான் அலறினாள். போமி எல்லாரையும் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ அக்கா... மன்னிச்சிடுங்க... தலைய தூக்காத, குனி... குனியுங்க... லூசு, பந்தப் பார்க்காம என்னை ஏன்டி பார்த்த... அக்கா..."

"இன்னொரு தடவ சொல்லு" என்றேன், மூக்கைப் பிடித்தபடி.

"எத?"

"லூசுன்னு."

மருத்துவ அறையில் நர்ஸ் டீச்சர் மூக்கில் பஞ்சை வைத்து, கால் மணி நேரம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். போமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் சொன்னது தப்புதான் போமி" என்றேன். "உனக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் யோசிக்கவே இல்ல."

அவள் காலை ஆட்டுவதை நிறுத்தினாள். "உங்க பொறந்த நாள் என்னிக்கு?"

"டிசம்பர் இருபது."

அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். இரண்டு கையும் போதாமல் மறுபடி முதல் விரலுக்கு வந்தாள். அப்புறம் அப்படியே நிறுத்தி என்னை முறைத்தாள்.

"நான் ஜனவரி எட்டு. பத்தொன்பது நாள்! வெறும் பத்தொன்பது நாளுக்காகவா ஒரு வாரமா 'நீங்க, வாங்க'ன்னு பேசி என் நாக்கு சுளுக்கிக்கிச்சு?"

"நான்தான் வேண்டாம்னு சொன்னேனே!"

"சும்மா இரு, மூக்குல ரத்தம் வரும்." கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குரல் இறங்கியது. "இன்னொண்ணும் இருக்கு. இங்க யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்க அம்மா பழைய காலண்டர்தான் பார்க்கும். நான் பொறந்தப்ப சந்திரப் புத்தாண்டு இன்னும் வரல. மாட்டு வருஷம் பொறக்க பதினெட்டு நாள் பாக்கி. எங்க வீட்டுக் கணக்குல நான் எலி."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "நீ அன்னிக்கு ம்மான்னு கத்துனியே!"

"நீ கத்தல?"

அவ்வளவுதான். நான் சிரித்த சிரிப்பில் பஞ்சு பறந்து அவள் மடியில் விழுந்தது. "சீ, கருமம்!" என்று அவள் குதித்தாள். தீவுப் பள்ளியில் எட்டு மாடும் சேர்ந்து, 'எலி வால், எலி வால்' என்று ஆறு வருடம் அவளை ஓட்டியிருக்கிறார்கள். புதுப் பள்ளியிலாவது மாடாக இருந்து பார்ப்போம் என்று அவளும் வந்திருக்கிறாள். வகுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்து இரண்டு எலிகள் மாடாக நடித்திருக்கிறோம்.

மூக்கில் புதுப் பஞ்சோடு நாங்கள் வகுப்புக்குத் திரும்பியபோது எல்லாரும் காத்திருந்தார்கள். ஜியான் அழுது கண் வீங்கி இருந்தாள். போமி நேராக முன்னால் போய், மேசையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இவளுக்கும் எனக்கும் பத்தொன்பது நாள்தான் வித்தியாசம். பழைய காலண்டர்படி நானும் எலி. நான் மாடு இல்ல. அன்னிக்குச் சும்மா கத்தினேன்."

வகுப்பு முழுக்க முணுமுணுப்பு. ஜியான் குழம்பிப் போய் எழுந்தாள். "அப்ப... உன்னையும் அக்கான்னுதான் கூப்பிடணுமா?"

"கூப்பிடேன். எனக்கென்ன நஷ்டம்? நாளைலேர்ந்து நாற்காலி எனக்கும் இழுத்துப் போடு."

"உன்னையா?" ஜியானுக்கு அழுகை போய் ரோஷம் வந்துவிட்டது. "போடி!"

"அப்படி வா வழிக்கு. எனக்குப் போடின்னா இவளுக்கும் போடிதான். ரெண்டு பேரும் எலிதான். சொல்லு பார்ப்போம்."

ஜியான் என்னைப் பார்த்தாள். காது நுனி வரைக்கும் சிவந்தது. இருபத்தாறு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். போன மே மாதத்திலிருந்து நான் காத்திருந்தது இந்தப் பெண்ணின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போ..." என்றாள். "போ... டி."

சொல்லிவிட்டு மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வகுப்பு கூரை பிய்ந்துகொள்ளும்படி சிரித்தது. ஒருத்தி எங்கேயோ பின்னாலிருந்து, "மூக்குல பஞ்சோட நிக்குறா பாருடி, எலி மாதிரியே இருக்கா!" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. மூக்கடைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

எல்லாருக்கும் ஒரே நாளில் வாய் பழகிவிடவில்லை. முதல் வரிசைக்காரி இன்றைக்கும், "அக்... யுன்சுல்" என்றுதான் தொடங்குகிறாள். ஆனால் அன்று மாலை மணி அடித்ததும் கைபேசியைத் திறந்தபோது, அரட்டைக் குழுவின் பெயர் மாறியிருந்தது: 'மாட்டுத் தொழுவம். உள்ளே இரண்டு எலி.' சுவரில் துப்புரவுப் பட்டியலில் ஜியான் தன் பெயரை ஒரே கோடாக அடித்துவிட்டு, வெள்ளை மை பூசிய இடத்தின் மேலேயே எழுதியிருந்தாள். குப்பை: போமி, யுன்சுல். பின்னால் அக்காவும் இல்லை, ஒன்றும் இல்லை. யாரும் பார்க்காதபோது அதை ஒரு படம் எடுத்துக்கொண்டேன், அம்மாவுக்குக் காட்ட.

அதற்குள் படிக்கட்டிலிருந்து அந்தப் படகுச் சங்கு ஊதியது. நான்கு மாடிக்கும் கேட்டிருக்கும்.

"அடியே எலி! அங்க என்னடி பண்ற? பால் பெட்டிய யாரு தூக்குவா, உங்க அக்காவா?"